சுவரில் முளைத்த மாஸ்டர்

“உங்க மூஞ்சிக்கு எண்ணூறு ரூபாய் ஆகுங்க சார்.”

செம்மேட்டு லாட்ஜ்காரர் சின்னுசாமி சுவரைக் காட்டினார். நேற்றுவரை வெள்ளையாக இருந்த வராந்தாச் சுவரில், விடிந்ததும் முருகானந்தம் மாஸ்டர் முளைத்திருந்தார். கரித்துண்டால் வரைந்த படம். குரங்குக் குல்லா, காதில் செருகிய பென்சில், பாதி முகத்தை வளைத்துப் போட்டுவிட்ட மூக்கு, கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம்.

அசல் மாஸ்டர் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. கொல்லிமலைக் குளிரில் மாணவர்கள் பல் விளக்கவே யோசித்தார்கள். மாஸ்டர் சுத்தக்காரர்.

“எண்ணூறா? ஒரு வாளி சுண்ணாம்புதானே. ஐந்நூறு வெச்சுக்குங்க.”

“மூக்குக்கே அரை வாளி போயிருமுங்க.”

“சரி, அறுநூறு. அதுக்கு மேல இந்த மூஞ்சி பெறாது.”

தன் முகத்தின் விலையைத் தானே பேசிக் குறைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

விலை படிந்ததும் மாணவர்கள் பக்கம் திரும்பினார். ஓவியக் கல்லூரி இரண்டாம் ஆண்டு, பன்னிரண்டு பேர். ஐந்து நாள் வெளிப்புற வகுப்புக்காக மலையேறி வந்தவர்கள்.

“யாரு வரைஞ்சது?”

“நானில்லீங்க சார்,” என்றான் பிரவீன் முதல் ஆளாக. “நான் வரைஞ்சிருந்தா கீழ கையெழுத்துப் போட்டிருப்பனுங்க.”

“உன் படத்துல கையெழுத்து மட்டுந்தான்டா புரியும். இது புரியுதே, நீயா இருக்காது.”

சிரிப்பு அடங்கும்வரை மாஸ்டர் காத்திருந்தார்.

“வரைஞ்சவங்க மத்தியான பஸ்ஸுல கீழ இறங்கிரலாம். இந்த வகுப்புக்கு மார்க் கிடையாது.”

மார்க் இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

பிரவீன்தான் மறுபடியும் வாயைத் திறந்தான். “சார், மச்சத்தைப் பாருங்க. உங்களுக்கு வலது கன்னம். சுவத்துல இருக்கறவருக்கு இடது கன்னம்.”

மாஸ்டர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “அப்ப, என் முகத்தை நிமிர்ந்து பார்க்காத ஆளு யாரோதான்.”

பதினொரு தலைகளும் கீர்த்தனா பக்கம் திரும்பின.

பேளுக்குறிச்சிப் பெண். மலை வரைவாள், மரம் வரைவாள், நின்றால் பஸ்ஸையும் வரைவாள். மனிதர்கள்தான் ஆகாது. “முகம்னா எனக்கு வராதுங்க சார்” என்று இரண்டு வருடமாக மாஸ்டரின் செருப்பைப் பார்த்தே சொல்லி வருகிறாள். ஒரே ஒரு முகப்படமாவது கொடுத்தால்தான் மூன்றாம் ஆண்டு. கெடு இந்த வெள்ளிக்கிழமை. இன்று வியாழன்.

“நானில்லீங்க சார்.”

“செருப்புகிட்டச் சொல்லாத கண்ணு. என்கிட்டச் சொல்லு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாயால சொல்றதை நான் நம்ப மாட்டேன். கை சொல்லட்டும்,” என்றார் மாஸ்டர். “எல்லாரும் அட்டையை எடுங்க. ஒரு மணி நேரம். என் முகம். சுவத்துக் கோட்டோட யாரு கோடு ஒத்துப் போவுதோ, அவங்க பையைக் கட்டலாம்.”

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீயைத் தூக்க மட்டும் கை அசைந்தது. வகுப்பில் எதையும் அளக்காத பிரவீன்கூட, கையை நீட்டிப் பென்சிலால் மூக்கை அளந்துகொண்டிருந்தான்.

கீர்த்தனா கால் மணி நேரம் வெள்ளைத்தாளையே பார்த்தாள். பஸ் நிலையத்திலிருந்து ஹாரன் கேட்டது. தலையை நிமிர்த்தினாள். ஒரு பார்வை, உடனே குனிந்தாள். மறுபடி பார்த்தாள். அதற்குப் பிறகு குனிந்தது கோடு இழுக்க மட்டும்தான். நாற்பது நிமிடம் ஆனதும் எழுந்து வந்து மாஸ்டருக்கு ஓர் அடி தூரத்தில் நின்றாள்.

“சார், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமாத் திரும்புங்க.”

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் திரும்பினார்.

நேரம் முடிந்தது. பன்னிரண்டு தாள்களையும் சுவரோடு வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், கீர்த்தனாவின் தாளில் நின்றுவிட்டார். மச்சம் வலது கன்னத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதன் மேல் ஒற்றை வெள்ளை முடி.

“இது எப்பம்மா முளைச்சது?”

“தெரியலீங்க சார். இப்ப இருக்குதுங்க.”

மாஸ்டர் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

“யாரு கோடும் ஒத்துப் போகலை,” என்று தாள்களை அடுக்கினார். “யாரோ வெளியாள் பண்ணின வேலை. போங்க, போய் மிளகுக்கொடி வரைங்க.”

விட்டால் போதுமென்று எல்லோரும் ஓடினார்கள். பிரவீன் கீர்த்தனாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினான். மாஸ்டர் மார்க் புத்தகத்தைத் திறந்து, இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று என்று எழுதினார்.

சுண்ணாம்பு வாளியும் கணக்கு நோட்டுமாக வந்த சின்னுசாமி, பிள்ளைகள் கேட்டைத் தாண்டிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அந்தப் புள்ள வரைஞ்சிருச்சுங்களா?”

“வரைஞ்சிருச்சு.”

“ஏனுங்க சார், ஏழு வருசமாச் சொல்றேன். கண்ணாடியப் பார்த்து வரையாதீங்க, மச்சம் பக்கம் மாறிப்போவுதுன்னு. என்னைக்காச்சும் ஒரு பொடுசு கண்டுபுடிச்சிருமுங்க.”

மாஸ்டர் ஆறு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தார். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது. சின்னுசாமி நோட்டை விரித்து எழுதிக்கொண்டார்: ‘மாஸ்டர் தானே வரைஞ்ச மூஞ்சி, ஏழு. சுண்ணாம்பு, ஏழு வாளி. பணம் பைசல். பாக்கி: மூக்கு, இன்னும் சரியா வரலை.’