ஒரே அறை, பதினோரு பேர்

"பதினொண்ணா? ஏம்மா, ஒத்தை ரூமுக்குள்ள பதினோரு பேரா? மனுஷங்கள எண்ணினியா, மூட்டைகள எண்ணினியா?"

மாவட்டப் புள்ளிவிவர அதிகாரி படிவத்தை விசிறியடித்தார். கணக்கெடுக்கும் தற்காலிக ஊழியரான அந்தப் பெண் குனிந்து பொறுக்கினாள்.

"வீட்டம்மா சொன்னாங்க, எழுதினேன் சார்."

"சொல்லுவாங்க, ஏன் சொல்ல மாட்டாங்க! அறைக்குச் சராசரி ஆறு பேரைத் தாண்டினா சந்துக்கே புது வீடு கிடைக்குதுல்ல? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கள இரவல் வாங்கி நிறுத்தியிருப்பாங்க. நீயும் பேனாவைத் தூக்கிட்டுப் போய் ஏமாந்து வந்திருக்கே."

"மொத்தமே எட்டு வீடு சார். இந்த ஒண்ணை அடிச்சா சராசரி கீழ இறங்கிடும். எட்டுக் குடும்பத்துக்கும் வீடு போச்சு."

"போகட்டுமே! மாவட்டக் கையேடு சாயங்காலம் அச்சுக்குப் போகுது. மக்கள்தொகை, தொழில், வீட்டு வசதின்னு எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. உன் பதினொண்ணைப் பார்த்தா மேலிடம் என்னைத்தான் காறித் துப்பும். நானே போய் எண்ணிட்டு வர்றேன். டிரைவர், வண்டிய எடு!"

ஆலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குள் ஜீப் நுழையாது. முனையில் இறங்கி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார் அதிகாரி. படிவங்களைச் சுமந்தபடி பின்னாலேயே வந்த டிரைவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

தகரக் கூரை. சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஆணி துணிகள். தரையில் இரண்டு ஆண்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டியை மேசையாக்கி ஒரு சிறுமி எழுதிக்கொண்டிருந்தாள்.

"பட்டப்பகல்ல தூக்கத்தைப் பாரு! ஒண்ணு, ரெண்டு, மூணு... உங்களோட நாலு. அவ்வளவுதானே?"

"மத்தவங்க வேலைக்குப் போயிருக்காங்க ஐயா," என்றார் வீட்டம்மா. "இவங்க எந்திரிச்சுப் போனதும் அவங்க வந்து இதே பாயில..."

"இந்தக் கதையெல்லாம் அந்த அப்பாவிப் பொண்ணுகிட்ட வெச்சுக்கங்க. என் கண்ணுக்குத் தெரியறதுதான் கணக்கு."

வீட்டம்மா வாசல் பக்கம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே விழுங்கிக்கொண்டார்.

அதிகாரி பதினொன்றை அடித்தார். நான்கு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

ஜீப் நகர்ந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பார்த்தியாய்யா கூத்தை? நாலு பேரை வெச்சுக்கிட்டுப் பதினொண்ணுங்கறா. இன்னும் ஏழு பேரு எங்கய்யா, ஆவியாப் போயிட்டாங்களா? வெக்கமே இல்லாத ஜனம்!"

டிரைவர் வண்டியை மெல்ல ஓரங்கட்டினார்.

"ஆறு பேரு ஆலையில நிக்கறாங்க சார். ஏழாவது ஆளு, இங்க உங்களுக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்."