பெல்ஜியத்து வாசனை

சதாசிவன் சார் பிரசீதாவின் நட்சத்திரக் குக்கியை வாயில் போடவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசகசாலைக் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிரசீதாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. டிசம்பர் பனியில் பிடித்த ஜலதோஷம் அவள் மூக்கை ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தது.

ஆரியங்கோட்டில் கிறிஸ்துமஸ் பலகாரப் போட்டி என்றால் நடுவர் அவர்தான். மகன் பெல்ஜியத்தில் இருக்கிறான். ஒரு குளிர்காலம் அங்கே போய்ப் பேரனைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு கவலைக்குரிய ஆளாகிவிட்டார். முக்குக் கடை டீயைக்கூட முகர்ந்து, யோசித்து, ஒருவகை மன்னிப்போடுதான் குடிக்கிறார்.

முந்தைய தட்டு ஓமனாவுடையது. அச்சுமுறுக்கு மாதிரி அச்சப்பம். சார் கடித்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

கடைசி பெஞ்சில் இருந்த ஜெயதாஸ் தன்னையறியாமல் தலையாட்டினான். அவன் பிரசீதாவின் புருஷன். ஆனாலும் பலகாரம் என்றால் சத்தம் வரவேண்டும் என்பது அவன் கட்சி.

பிரசீதாவின் குக்கிகளில் சத்தத்துக்கு இடமில்லை. கெட்டித் தயிர் சேர்த்துப் பிசைந்து, கனமாகப் பரத்தி, நட்சத்திர அச்சால் வெட்டி, சிவக்கும் முன்பே ஓவனிலிருந்து எடுத்துவிடவேண்டிய ஜாதி அது. காலையில் சுட்டு ஆறவைத்துவிட்டு, மேலே பூசுவதற்கான ஹேசல்நட் சாக்லேட் பாட்டில் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்து, உருக்கி, பூசி, நேராக இங்கே வந்திருக்கிறாள்.

எல்லாம் அந்த ஓவனுக்காக.

"இந்த வெழாவில ஒரு பேரு கிட்டல்லன்னா ஓவன் தங்கச்சி வீட்டுக்குப் போவும், கேட்டியா?" என்று ஜெயதாஸ் முன்பே சொல்லிவிட்டான். சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற சாமானிலிருந்து இன்றுவரை ஒரு மொறுமொறுப்பு வெளியே வந்ததில்லை.

ஓமனா தட்டை எட்டிப்பார்த்து ஒரு நட்சத்திரத்தை விரலால் அமுக்கினாள்.

"குழியுதே! நமத்துப் போச்சா பிள்ளே? டப்பாவ நல்லா மூடல்லியோ?"

யாரோ சிரித்தார்கள். பிரசீதாவின் மனத்துக்குள் ஓவன் ஆட்டோவில் ஏறியது.

சதாசிவன் சார் கண்ணைத் திறந்தார்.

"பொக," என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"ஓக் மரப் பொக! எடே, இது அங்க உள்ள ஏற்பாடாக்கும். நம்ம ஆளுகளுக்கு இது எங்க தெரியப்போவுது?" கடித்தார். ஒரு சத்தமும் வரவில்லை. "பாத்தியளா? சத்தம் வரப்பிடாது. அதாக்கும் அதுக்க லட்சணம்."

அந்தக் கணமே எல்லோருக்கும் புகை மணத்தது. வாசகசாலைச் செயலர் நிஜின் இரண்டு எடுத்துத் தின்று, "ஓக்கு தான்" என்று உறுதிப்படுத்தினார். ரப்பர், பலா, அயனி தவிர வேறு மரம் அவர் கண்டதில்லை. ஓமனாகூட ஒன்றை முகர்ந்துவிட்டு, "எனக்கு மொதல்லயே ஒரு மணம் அடிச்சுது" என்றாள்.

"எப்பிடி பொக ஏத்தின, மக்களே?" என்று சார் கேட்டார்.

பிரசீதா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒரு மணமும் வரவில்லை.

"அதுக்கு ஒரு முறையுண்டு சார்," என்றாள்.

முதல் பரிசு அவளுக்கு. புத்தாண்டு விழாவுக்கும் இதே நட்சத்திரம்தான், இதே புகையோடு என்று நிஜின் மைக்கில் அறிவித்தார்.

சதாசிவன் சார் மிச்சக் குக்கிகளைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"ஜெயதாஸே, ஒனக்க பெண்டாட்டிக்கு உள்ள ரசனை ஒனக்கு இல்லாமப் போச்சே. ரப்பர் ஷீட்டுக்குப் பொக போடுற அந்தப் பொகப்புரைய எப்போ மாத்துவ? அந்த நாத்தத்தில என் வீட்டு ஜன்னல் ஒண்ணு தொறக்க ஒக்குமா? பஞ்சாயத்தில பெட்டிஷன் குடுத்தாச்சு, பாத்துக்கோ."

வேறு நாளென்றால் ஜெயதாஸ் மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு எழுந்திருப்பான். இன்று தரையைப் பார்த்தபடி, "செரி சார்" என்றான். தோள் மட்டும் குலுங்கியது.

பைக்கில் ஏறிய பிறகுதான் பிரசீதா வாய் திறந்தாள்.

"ஓவன் போவாதில்லா?"

"போவாது." கொஞ்ச தூரம் போய் வண்டியை மெதுவாக்கினான். "நீ சாக்லேட்டு வாங்கப் போனப்போ நானும் ஒண்ண அமுக்கிப் பாத்தேன். கொழகொழன்னு கெடந்துது. அத்தன பேருக்க முன்னால நீ தலகுனிஞ்சு நிக்கண்டாம்னு, தட்டோட கொண்டுபோய் பொகப்புரையில வச்சேன். கொஞ்சம் மொறுகட்டும்னு நெனச்சேன். எங்க மொறுகிச்சு!"

"ஷீட்டு கெடக்கும்போதா?"

"ஷீட்டுக்க எடையில தான். தேங்காத் தொண்டும் செரட்டையும் நல்ல கனலா இருந்துது."

வளைவு திரும்பும்போது பிரசீதா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"புத்தாண்டுக்கு முந்தி ஷீட்ட ஒக்க எறக்கிப் போட்டிருங்க. நெறைய தட்டு வைக்கணும்."

சதாசிவன் சார் வீட்டைக் கடந்தார்கள். புகைக்குப் பயந்து எல்லா ஜன்னலும் இறுக்கிச் சாத்தியிருந்தது.