மூன்றாவது ஓட்டம்

செவலையின் கயிறு அண்ணன் கொம்பையா கையில் இருந்தது.

அவள் இருபதடி தள்ளி நின்றாள். கிட்டே போனால் அந்த நாய்க்குட்டி மிரளும்.

இது மூன்றாவது ஓட்டம். மூன்றுக்கு மேல் அண்ணன் பார்க்க மாட்டான்.

முதல் இரண்டு தடவையும் முயலைக் கண்டு நாலு பாய்ச்சல் பாய்ந்தது. அவள் ஆசையாய் ஒரு சத்தம் கொடுத்ததே போதும், திரும்பி வந்து காலடியில் வாலாட்டிக்கொண்டு நின்றது. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை. பாலூட்டி வளர்த்தவள் குரலுக்கு வராமல் என்ன செய்யும்?

குரலுக்குத் திரும்புகிற நாய் முயல் பிடிக்காது. பிடிக்காத நாயை அண்ணன் வைத்துக்கொள்ள மாட்டான். இதன் கூடப்பிறந்ததைச் சாக்கில் போட்டுக் கண்மாய்ப் பக்கம் கொண்டுபோனவன், வெறும் சாக்கோடு வந்தான்.

இரண்டாவது ஓட்டம் தோற்ற அன்றைக்கே அவள் புளியவிளாரை எடுத்தாள்.

தினமும் கூப்பிடுவாள். ஓடி வரும். வந்ததும் அடிப்பாள்.

அடித்த கையால் சோறு வைக்க மனம் வராமல், அம்மாவை வைக்கச் சொன்னாள் பாவி மகள்.

பதினைந்தாம் நாள், கூப்பிட்டதற்கு வராமல் தூரத்தில் நின்று பார்த்தது.

இருபதாம் நாள், குரல் கேட்டதுமே ஓடிப்போய் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்தது.

அவள் விளாரை ஒடித்துப் போட்டுவிட்டு அழுதாள். வளர்த்த மனமும் பித்துதான். உயிரோடு கிடக்கட்டும் என்றுதானே அடித்தாள்.

இப்போது பருத்திமார்ச் செடிகளுக்குள்ளிருந்து முயல் கிளம்பியது.

அண்ணன் கயிற்றை விட்டான்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! வயிறு மண்ணில் உரச ஓடியது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டது என்று நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

வடக்கே ஓடைக்குத்தான் போகும் என்று அவள் நம்பியிருந்த முயல், சட்டென்று தெற்கே மடங்கியது.

தெற்கே மொட்டைக்கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. மழைக்கு முளைத்த புல் வாயை மூடிக் கிடந்தது. கூலிக்குக் களையெடுக்க வந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். அண்ணனுக்கு இந்தக் காடு புதிது.

முயல் வளைந்து போய்விடும். அந்த வேகத்தில் நாயால் வளைய முடியாது.

"செவலே! ஏ செவலே! வந்துரு! எங்கிட்ட வந்துரு!"

அதன் காது திரும்பியது. கேட்டுவிட்டது. யார் குரல் என்பதும் தெரிந்துவிட்டது.

வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முன்னிலும் வேகமாக ஓடியது.

அவள் பின்னாலேயே ஓடினாள். கரிசல் கட்டி காலை இடறியது.

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"ஏட்டி, பாத்தியா! நீ கூப்பிட்டும் திரும்பல பாரு. இன்னைக்குத்தான் இது வேட்டை நாய்!"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.