பதினேழாம் எண்

பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டை ஆராயும் நர்ஸ் அம்மாவுக்கு, வீட்டிலும் பதினேழாம் எண் பேச்சுதான்.

"ஆய்வு விதிப்படி பேர் எனக்கே தெரியக் கூடாது, எண் மட்டும்தான். பாவம், இந்த மாசமும் எடையில அரைக் கிலோ இறங்கிட்டா!"

மகளுக்கு வயிறெரிந்தது. எனக்காக ஒரு நாளாவது இப்படி உருகியிருக்கிறாளா?

மறுநாள் தன் பள்ளிக்கு எடை பார்க்க வந்த, அம்மாவின் உதவியாளர் அக்காவை மடக்கினாள்.

"யாருக்கா அந்தப் பதினேழு? நறுக்குன்னு ஒரு குட்டு வைக்கணும்."

அக்கா நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "உன் தலையிலேயே வெச்சுக்கோ. நீதான்டி அது! அம்மாகிட்ட உளறிடாதே."

அன்று மாலையும் அம்மா பொரிந்தாள். "அந்தப் பதினேழோட அம்மா மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

"கிடைச்சா?"

"'கடைசியா எப்போடி பிள்ளை முகத்தைப் பார்த்தே'ன்னு கேட்பேன்."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"இப்பவே கேளும்மா."