அப்பாவைக் கொண்டு வந்த சாப்ட்வேர்

"எங்கப்பாவை இந்தக் கடைக்குள்ள கொண்டாந்து நிறுத்துற சாப்ட்வேர் எதுவோ, அதைத்தான் நான் வாங்குவேன். அவரையே கொண்டாந்துட்டா, முருகனை மயில்ல இறக்குறதெல்லாம் சும்மா கச்சாங், கடலை கொறிக்கிற மாதிரிலா!"

சொன்னவன் ஹரிதாஸ். அலோர் காஜாவில் சின்னதாக ஸ்டூடியோ கடை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். கோலாலம்பூர் டைரக்டர் ஒருவர் டிவிக்கு எடுக்கும் பக்தி நாடகத்தில், சாமி தோன்றி மறையும் காட்சிகளைச் செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் எடுத்த ஆளை வெட்டி, வேறிடத்தில் எடுத்த படத்தில் ஒட்டுகிற சாப்ட்வேர் அதற்கு வேண்டும். கம்ப்யூட்டர் விற்கும் சேகரன், சோதித்துப் பார்க்கச் சொல்லி மூன்று பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நீலம், சிவப்பு, கறுப்பு. வாங்க முடிந்ததோ ஒன்றுதான். தப்பானதை வாங்கித் தொலைத்தால் டிவி வேலையும் போகும், ஸ்டூடியோவும் படுத்துவிடும்.

இன்று பதில் கேட்க வந்திருந்த சேகரன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏன் பாஸ், அப்பா... தவறிட்டாங்களா?"

"சேச்சே! வாயில நல்லதா ஏதாவது சொல்லுலா. ஜாசின் எஸ்டேட்ல நல்லாத்தான் இருக்காரு. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில அவரு கையைக் காலைப் பிடிச்சு வாங்கிக் குடுத்த வேலை. அதை விட்டுட்டுத்தானே நான் கேமராவைத் தூக்குனேன்? 'உன் கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன்'னு அன்னிக்குச் சொன்னாரு. திறப்பு விழாவுக்கு ஊரே வந்துச்சு. அவரு வரல."

பிடிவாதத்துக்குக் கையும் காலும் முளைத்தால் அதற்கு அவன் அப்பா பேரை, இருளாண்டி என்று, தாராளமாக வைக்கலாம். மகன் மட்டும் என்ன, அதே மரத்துக் காய்தானே! இவனும் போய்க் கூப்பிடவில்லை. ஆனால், திறப்பு விழா டேப்பைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அப்பா இல்லாத குறை அவன் நெஞ்சை அரித்தது. அதனால்தான் இப்படி ஒரு சோதனை.

கடைக்குள் சாமி படத்துக்கு முன்னால் எரியும் குத்துவிளக்கைத் தனியாகப் படம் எடுத்தாயிற்று. தங்கை இந்திராதேவியின் கல்யாண டேப்பில் அப்பா விளக்கேற்றும் காட்சி இருந்தது. அந்த அப்பாவை இந்த விளக்குக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ஹரிதாஸின் மனைவி தேவிஸ்ரீ ஜாசினுக்கே போய் மாமனாரிடம் டேப்பை வாங்கி வந்து, ஒவ்வொரு பிரேமாக அவரை வெட்டி எடுத்திருந்தாள். அந்த ஸ்டூடியோவில் கேமரா அவன், கம்ப்யூட்டர் அவள். அவள் பொறுமைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

"இது நீலம்," என்று தேவிஸ்ரீ ஓடவிட்டாள்.

அப்பா வந்தார். உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடும் வந்தது.

"அட்டையில வெட்டி ஒட்டுன மாதிரி இருக்காரு. வேணாம்."

"இது சிவப்பு."

கோடு இல்லை. ஆனால் கால் தரையில் பாவவில்லை. விளக்கை நோக்கி நீண்ட விரல், சுடரைத் தொடாமல் எங்கோ காற்றைத் துழாவியது.

"ஐயோ, பேய் மாதிரி மிதக்குறாரு! தெரிஞ்சா இதுக்கும் என்னைத்தான் திட்டுவாரு."

தேவிஸ்ரீ அடுத்ததை ஓடவிட்டாள்.

அப்பா வாசலில் தெரிந்தார். நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் அதே பூப்போட்ட பாத்தேக் சட்டை. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். சுவரில் அவர் நிழலும் கூடவே வந்தது. குத்துவிளக்கின் முன் குனிந்து விரலால் திரியைத் தூண்டினார். சுடர் எழும்பியது. விரலில் ஒட்டிய எண்ணெயை வழக்கம்போலத் தலையில் தடவிக்கொண்டார். கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

ஹரிதாஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

"அடேயப்பா! சேகரா, பாருலா! திரி தூண்டுனதும் மூஞ்சியில வெளிச்சம் ஏறுது பாரு! மண்டபத்துல நுழைஞ்ச அப்பாவையும் விளக்கேத்துன அப்பாவையும் எப்படிக் கோத்திருக்கா பாரு! விரல்ல எண்ணெய் கூட மினுங்குதுடா! தேவி, உன் கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கிறேன்."

இத்தனை நாள் ஏங்கியது கண்முன்னால் நடக்கிறதே!

"கறுப்புன்னா சும்மாவா பாஸ்?" என்று சேகரன், தானே உட்கார்ந்து எழுதிய சாப்ட்வேர் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"பேச்சே இல்ல, கறுப்புதான்! தேவி, இதை எடுத்துட்டுப் போயி அப்பாகிட்டயே போட்டுக் காட்டணும். 'வரமாட்டேன்னீங்களே, கம்ப்யூட்டர் எப்படி இழுத்துட்டு வந்துருச்சு பாத்தீங்களா'ன்னு கேக்கணும்."

தேவிஸ்ரீ மெல்லச் சிரித்தாள்.

"கறுப்புப் பெட்டிய நான் இன்னும் பிரிக்கவே இல்லைங்க. டேப் வாங்கப் போனப்ப மாமா எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன். 'நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கிறப்ப என்னை எதுக்கு மிசின்ல செய்றீங்க'ன்னு சத்தம் போட்டுட்டு, நேத்து நீங்க ஷூட்டிங் போயிருந்த நேரமாப் பாத்து அவரே பஸ் ஏறி வந்து, கடையில இருந்த பழைய கேமராவுல என்னை எடுக்கச் சொல்லி, விளக்கைத் தூண்டிட்டுப் போனாருங்க."