இரண்டாவது தட்டு

அவள் திரையிலிருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

பேனரில் எழுத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்றுதான் திருப்பினாள்.

திருப்பிய படம் பக்கத்துப் படமாகிவிட்டது.

அதே வட்டத் தட்டு. அதே பாக்டீரியாப் புள்ளிகள். ஓரத்தில் கடுகளவு அதே காற்றுக்குமிழி.

இரண்டும் வெவ்வேறு பண்ணைகளின் தண்ணீர் என்கிறது கட்டுரை.

மரகதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

குமிழி அங்கேயேதான் இருந்தது.

இறால்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் கட்டுரை அது. முதல் பெயர் அமலதாஸ், துறையில் எல்லாருக்கும் தாஸ் சார். அடுத்த பெயர் அவளுடையது. சோதனைகள் அவருடையவை, எழுத்து அவளுடையது.

வரைவை வரிவரியாகப் படித்தவள் அவள்தான். ஆங்கிலத்தைத் திருத்தினாள். அட்டவணைகளை நேராக்கினாள்.

படங்களைப் பார்க்கவில்லை. தாஸ் சார் எடுத்த படம். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆய்விதழ் அதை மூன்று வல்லுநர்களுக்கு அனுப்பியது. ஒருவர் தன் பழைய கட்டுரைகளையும் குறிப்பிடச் சொன்னார். ஒருவர் தலைப்பைச் சுருக்கச் சொன்னார். மூன்றாமவர், படங்கள் வெகு தெளிவு என்று பாராட்டியிருந்தார்.

துறையில் கேக் வெட்டினார்கள்.

யாரும் ஏமாளி இல்லை. தாஸ் சாரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான். மைக்ரோஸ்கோப் உடைந்தால், கேட்கும் முன்பே “என் கைதான்” என்று வந்து நிற்கிற மனிதர். அவள் மகள் டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு நகராதவர்.

அடுத்த வாரம் பண்ணைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேனர். கூட்டம் முடிந்த கையோடு மருந்தைக் குளங்களில் விடுவார்கள். நகையை அடகு வைத்து வெட்டிய குளங்கள்.

கதவு திறந்தது.

தாஸ் சார். இரண்டு கையிலும் டீ.

அவள் திரையை மூடியிருக்கலாம். மூடவில்லை.

அவர் பார்த்தார். டம்ளர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“நீங்க பாத்துருவீங்கன்னு நெனச்சேன் மரகதம்,” என்றார். “வரைவு குடுத்த அன்னிக்கே பாத்துருவீங்கன்னு நெனச்சேன்.”

அவள் டம்ளர்களை வாங்கி மேசையில் வைத்தாள்.

“கரண்டு போய் ரெண்டாவது தட்டு கெட்டுப்போச்சு. ரிப்போர்ட் குடுக்க நாள் இல்ல. திரும்பச் செஞ்சாலும் இதேதான் வரும்னு நம்புனேன்.”

“செஞ்சீங்களா சார்?”

“செஞ்சேன்.”

“எத்தன தடவ?”

“வரவே இல்லம்மா.”

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. கூடவே, இதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை நாள் எப்படித் தூங்கினார் என்ற நினைப்பும் வந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்த காகிதங்களை அள்ளித் தரையில் வைத்தாள்.

“உக்காருங்க.”

ஆய்விதழின் ஆசிரியருக்கு மெயில் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் நிதானமாக அடித்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். இரண்டாவது படம் பொய். செய்தவன் நான். மரகதத்துக்கு எதுவும் தெரியாது.

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

உண்மைதான்.

அதன் கீழே தானும் ஒரு வரி சேர்த்தாள். படங்களைப் பார்க்காமலே என் பெயரைக் கொடுத்தேன்.

“இது வேண்டாம்மா,” என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவள் அனுப்பிவிட்டாள்.

பிறகு பண்ணைக்காரர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள். மருந்தை யாரும் தொட வேண்டாம், அது வேலை செய்யாது என்றாள். எதிர்முனையில் சத்தம் ஏறியது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பக்கத்தில் தாஸ் சார் தலை குனிந்திருந்தார்.

“இல்லங்க, கூட்டத்த நிறுத்தல,” என்றாள் கடைசியாக. “எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இருப்போம்.”