டயர்த் தடம்

மெக்கானிக் நூருல்லா பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ஜின் இறுகிப் போச்சுங்கண்ணா. சரி பண்ற காசுக்கு ஒரு புதுக் காரே வாங்கிரலாம். பேசாம பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

பனியன் கம்பெனி முதலாளி ராஜபாண்டி, ஷெட்டில் பதினைந்து வருடமாக நிற்கும் அந்த வெளிநாட்டுக் காரைத் தடவிக்கொடுத்தார்.

"மனசு வரல பாய். எங்களுக்கு முத எக்ஸ்போர்ட் ஆர்டர் வாங்கிக் குடுத்ததே இதுதான்."

"வெள்ளைக்காரரை ஏர்போர்ட்ல இருந்து இதுலதான் கூட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

ராஜபாண்டியின் மனைவி சித்ராதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு டாக்சியில வந்தாரு பாய். நாலே மிஷின் ஓடுற வாடகை ஷெட்டைப் பாத்தா யாரு ஆர்டர் குடுப்பா? அதான், ஓடாத காரு ஒண்ணை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஆள் வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துனோம். அவரு வர்ற அன்னைக்குக் காலையில வாசல் தெளிச்சு, நான் கோலம் போடல. பழைய டயர் ஒண்ணை உருட்டி, கேட்டு வரைக்கும் ரெண்டு தடம் போட்டேன்."

நூருல்லா காரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இதுல போனதே இல்லீங்களா?"

"இல்ல பாய்," என்றார் ராஜபாண்டி. "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எவ்வளவு ஆனாலும் சரி, கேட்டு வரைக்கும் ஓடுனாப் போதும்."